வெயில் பங்கு

ஒத்தப்பனைத்துறையில் வெயில் காணாமல் போன கதையை இன்றைக்கு ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள், கேட்கிறவர்களும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள், ஆனால் அதில் கித்தேரியம்மாள் சொல்வதுதான் சரி, ஏனென்றால் காணாமல் போன வெயிலில் முக்கால்வாசி அவள் வீட்டுக்குள்தான் போனது.

அந்த வருஷம் கார்த்திகையில் ஒரு புயல் வந்தது, ஊருக்குக் கரண்டு கொண்டுவந்த கம்பங்களை ஒன்று விடாமல் சாய்த்தது, உப்போடைப் பாலத்தை உடைத்தது, உப்பளத்தில் குவித்திருந்த உப்பையெல்லாம் கரைத்து மறுபடி கடலுக்கே கொண்டுபோனது, கோயில் ஜெனரேட்டருக்குள் கடல் தண்ணீரை ஏற்றிவிட்டு, செய்ததெல்லாம் தான் இல்லை என்பதுபோல் மறுநாள் பளிச்சென்று விடிந்தது. ஊரைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர், நடுவில் மூன்றே மூன்று தெரு. கரண்டு போனால் மற்ற வீடுகளில் ஃபேன் நிற்கும், டிவி நிற்கும். கித்தேரி வீட்டில் ஆள் நின்றுவிடும்.

அவள் புருஷன் இன்னாசி முப்பது வருஷம் சங்கு குளித்தவர். இப்போது இரண்டு நுரையீரலும் பழைய வலை மாதிரி ஆகிவிட்டதால் பகலில் சுவரில் சாய்ந்து எப்படியோ ஓட்டிவிடுவார், பொழுது சாய்ந்தால் ஆக்சிஜன் மெஷின் வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் அது கர்ர் கர்ர் என்று ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு குழாய் மூக்குக்கு வரும். டவுனிலிருந்து படகில் வந்த இரண்டு சிலிண்டரும் நாலே நாளில் தீர்ந்தன. ஆளைப் படகில் கொண்டுபோகலாமே என்றதற்கு ஊர் நர்ஸ், இந்த நிலைமையில் அலையில் தூக்கிப்போட்டால் கரை போய்ச் சேர மாட்டார் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் கித்தேரியின் தம்பி ரெய்னால்டு அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தான். அவன் ஊருக்குக் கிழக்கே மணல்திட்டில் டெண்ட் போட்டு, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களைத் தங்கவைத்துப் பிழைத்தவன். புயல் திட்டையே கரைத்துவிட்டது. மிஞ்சியது நாலு டெண்டும் இந்தப் பெட்டியும்தான். பார்த்தால் சின்ன ஐஸ் பெட்டி அளவு, முகப்பில் ஒரு எண் எரியும், கூடவே நாலு மடிப்பாக ஒரு கறுப்புப் பலகை.

"யக்கா, இந்தப் பலகைய வெயில்ல விரிச்சுட்டாப் போதும், உள்ள கரண்டு ஏறிக்கிடும். நூறு வந்துட்டுன்னா விடிய விடிய மச்சான் மெஷின் ஓடும். பெட்ரோல் கேக்காது, சத்தம் போடாது."

"வேற என்ன கேக்கும்?" என்றாள் கித்தேரி. எதையும் சும்மா வாங்கிப் பழக்கமில்லாத பொம்பளை அவள். கைமாற்றுக்கு ஒரு கரண்டி எண்ணெய் வாங்கினாலும் ஒன்றரைக் கரண்டியாகத் திருப்பிக் கொடுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

"வெயில்தான் கேக்கும். அது கொட்டிக் கெடக்கு, எவன் கேக்கப் போறான்?"

அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மணல்திட்டில் தங்கியவர்கள் அந்தப் பெட்டியில் ஃபேன் போட்டார்கள், போன் சார்ஜ் ஏற்றினார்கள், கெட்டிலில் காபி வைத்தார்கள், இந்தக் கடற்கரையில் சூரியன் என்ன அழகாக மூன்றரை மணிக்கே இறங்குகிறது என்று ஆளாளுக்கு போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். வந்தவர்களுக்கு இந்தப் பக்கத்துச் சூரியனின் வழக்கம் தெரியாது. ரெய்னால்டோ அவர்களுக்கு மீன் பொரித்த கையோடு பரோட்டாவுக்கு ஓடிக்கொண்டிருந்தவன், அவனுக்கு வானத்தைப் பார்க்க எங்கே நேரம்?

மேலத் தெருவில் கித்தேரி வீட்டு மொட்டைமாடியில் பலகையை விரித்த முதல் நாள், பகல் மூன்று மணிக்குப் பெட்டியில் நூறு வந்தது, அதே மூன்று மணிக்கு மேலத் தெருவில் பொழுது அடைந்தது. மேகம் இல்லை, மழை இல்லை, சாயங்காலம் ஆறரைக்கு எப்படி இருட்டுமோ அப்படி நிதானமாக, முறையாக இருட்டியது. கோழிகள் போய் அடைந்தன. முல்லைக்கொடியில் மொட்டு விரிந்து வாசம் வந்தது. தெருமுனையில் கோடு கிழித்ததுபோல் இருட்டு நின்றது, அதற்கு அந்தப் பக்கம் நடுத் தெருவில் மூன்று மணி வெயில் சுள்ளென்று அடித்தது. கோட்டின் மேல் நின்றால் ஒரு காலுக்கு நிழல் விழும், ஒரு காலுக்கு விழாது.

யாரும் அலறவில்லை. கடல் வீட்டுக்குள் வந்து அடுப்பங்கரையைப் பார்த்துவிட்டுப் போனதைக் கண்ட ஜனங்கள், வெயில் கொஞ்சம் சீக்கிரம் போனதற்கா அலறுவார்கள்? பெட்டி குடித்த வெயில் தெருவில் குறையும், அவ்வளவுதானே, குடத்தில் மொண்டால் கிணற்றில் குறையாதா என்று அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள். இன்னாசியின் மெஷின் கர்ர் என்று ஓடும் சத்தம் தெருவுக்குக் கேட்டது. சரி, ஓடட்டும் என்று அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

ஒரு வாரத்தில் ஊர் அதற்குப் பழகியும்விட்டது. டீக்கடையில் பஜ்ஜிக்கு இரண்டரைக்கே எண்ணெய் காய்ந்தது. கோயில் உபதேசியார் சாயங்கால மணியை மேலத் தெருவுக்கு ஒரு தடவை, மற்றவர்களுக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை அடித்தார், இரண்டு தடவையும் கயிறு இழுக்கிறவன் நான்தானே என்று முனகிக்கொண்டே அடித்தார். பொழுது அடையாமல் குடிக்க மாட்டேன் என்று பெண்டாட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்த ஒருத்தன், நடுத் தெருவிலிருந்து மூன்று மணிக்குப் பாட்டிலோடு மேலத் தெருவுக்கு வந்து உட்கார்ந்தான், பின்னாலேயே அவள் துடைப்பத்தோடு வந்தாள். பங்குச் சாமியாரிடம் போய் இது நல்லதா கெட்டதா என்று கேட்டதற்கு, "ஒரு மனுசன் மூச்சு விடுதான், அதுல கெட்டது எங்கய்யா இருக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் ஈரமான புத்தகங்களைக் காயவைக்கப் போனார்.

ஆனால் கருவாடு என்று ஒன்று இருக்கிறதே. உப்பு கரைந்துபோன ஊரில் வருகிற மீனைக் காப்பாற்ற வெயிலை விட்டால் வேறு நாதியில்லை. மேலத் தெருப் பெண்கள் விரித்த சாளையும் காரலும் மூன்று மணியோடு வெயில் நின்றுபோக, பாதி காய்ந்த நிலையில் நாற ஆரம்பித்தன. அமலோற்பவம் ஒருநாள் ஒரு கூடை கெட்ட மீனைக் கொண்டுவந்து கித்தேரி வாசலில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். கருவாடு போடுகிற பெண்களில் மூத்தவள், அவள் வாய் திறந்தால் துறையில் நிற்கிற வள்ளமும் நகர்ந்துகொடுக்கும்.

"ஏட்டி கித்தேரி, மோந்து பாரு. ஒன் வீட்டுல கரண்டு ஏறுது, என் வீட்டுல புழு ஏறுது. நான் பிள்ளையளுக்கு என்னத்தப் பொங்கிப் போட?"

கித்தேரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவளும் கருவாடு போடுகிறவள்தான், அந்தக் கூடைக்குப் பின்னால் எத்தனை உழைப்பு என்று அவளுக்குத் தெரியும்.  உள்ளே போனாள், பெட்டியை எடுத்தாள், கொண்டுவந்து அமலோற்பவம் முன்னால் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்கக்கா."

"இத வச்சு நான் என்ன செய்ய? தலைக்கு வச்சுப் படுக்கவா?" அமலோற்பவத்தின் குரல் உடனே இறங்கிவிட்டது. "ஒன்னக் குத்தம் சொல்லல. பெட்டி எங்க தெருவையே ஏன் கேக்குதுன்னுதான் கேக்கேன். மத்த ரெண்டு தெரு வெயிலும் என்ன மாப்பிள்ள வெயிலா?"

அது நியாயமான கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது, பேச்சு அரைமணிகூட நீளவில்லை. ஒத்தப்பனைத்துறையில் வள்ளம் கரைக்கு வந்தால் கிடைத்த மீனைப் பாடு பங்கு வைப்பார்கள். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆளுக்கு ஆள் பங்கு, அன்றைக்கு உடம்புக்கு முடியாமல் வீட்டில் கிடக்கிறவனுக்கும் ஒரு பங்கு. படுக்கைப் பங்கு என்று அதற்குப் பெயர். வாங்கினவன் திருப்பித் தர வேண்டியதில்லை, நன்றிகூடச் சொல்லக் கூடாது, சொன்னால் கொடுத்தவனுக்குக் கோபம் வரும். மீனுக்கு உள்ள முறைதான் வெயிலுக்கும் என்று தீர்ந்தது. ஒருநாள் மேலத் தெரு, ஒருநாள் நடுத் தெரு, ஒருநாள் கடற்கரைத் தெரு. எந்தத் தெருவில் பலகை விரிகிறதோ அந்தத் தெருவுக்கு அன்றைக்கு மூன்று மணியோடு சரி, மீனை அடுத்த தெருவில் கொண்டு காயப்போடலாம், வாசலை விட்டுத்தர யாரும் மறுக்கக் கூடாது.

இப்படி இரண்டு வாரம் நல்லபடியாகப் போனது. கித்தேரிக்குத்தான் சோறு இறங்கவில்லை. பெட்டியும் பலகையுமாக நடுத் தெருவுக்குள் நுழைகிறபோதெல்லாம், மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டு எதிரே வருகிற பெண்களின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இன்னாசி இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் கிடந்தார்.

"ஊருல எனக்கு வெயில் தின்னின்னு பேரு வச்சாச்சாம்" என்றார் ஒரு சாயங்காலம், இரண்டு மூச்சுக்கு நடுவே சிரித்துக்கொண்டு. "போதும் புள்ள. கொண்டு குடுத்துரு. நான் கடலுக்கு அடியில தம் கட்டிக் கெடந்த மொத்த நேரத்தக் கூட்டினா ஒரு வருசம் வரும். இன்னும் என்ன?"

"கூட்டுவிய கூட்டுவிய. கூட்டிட்டு எனக்கு எவ்வளவு மிச்சம்னு சொல்லுங்க" என்றாள் கித்தேரி. அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. அவர் கையைத் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நீங்க பேசாம மூச்ச விடுங்க, அதுக்கு மேல ஒங்கள்ட்ட நான் ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அக்காள் அப்படி மருகுவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ரெய்னால்டுக்கு அந்த யோசனை வந்தது. கடல் அப்போது அடங்கியிருந்தது, வள்ளங்கள் போய்வர ஆரம்பித்திருந்தன. "கடல் வெயிலுக்கு யாரு பட்டா வச்சிருக்கா? பெட்டிய வள்ளத்துல கொண்டுபோய் நடுக்கடல்ல விரிச்சுட்டு சாயங்காலம் கொண்டாந்துருதேன், ஒரு தெருவுக்கும் தொந்தரவு இல்ல" என்றான். ஊரே அவன் முதுகில் தட்டிக்கொடுத்தது, இவ்வளவு நாளும் இது தோன்றாமல் போனதே என்று ஆளாளுக்குத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

முதல் நாள் பெட்டி நூறோடு வந்தது, கூடவே ஒரு சேதியும் வந்தது. வெயில் போனதும் வள்ளத்தைச் சுற்றிக் கடல் இருட்டியதாம், இரவு வந்துவிட்டது என்று நம்பி அடியில் கிடந்த கணவாயெல்லாம் பட்டப்பகலில் மேலே வந்ததாம். கணவாய்க்கு இருட்டும் வேண்டும், இருட்டில் ஒரு விளக்கும் வேண்டும், இது அந்தத் துறையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இரண்டாம் நாள் ஒரு விளக்கைப் பெட்டியில் சொருகிக் கொஞ்ச நேரம் எரித்தார்கள், எழுபதோடு வந்தது, ராத்திரிக்குப் போதும் என்று கித்தேரி வாங்கி வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ஏழு வள்ளம் போயின. புயலுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிடாத ஊர் அது, கணவாயும் சாளையும் திரள் திரளாக வந்து விளக்கடியில் கொதிக்கிறபோது யார் கை ஸ்விட்சுக்குப் போகும்? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விளக்கு எரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் துறையில் திருவிழாக் கூட்டம். ஏழு வள்ளமும் தண்ணீர் விளிம்புவரை தாழ்ந்து வந்தன, பெண்கள் கூடை போதாமல் சேலையை விரித்து அள்ளினார்கள், அமலோற்பவம் கணவாயை இரண்டு கையிலும் தூக்கிப்பிடித்து ஆடக்கூட ஆடினாள். கித்தேரி ஒருத்திதான் மீனைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தாள். அதில் பூஜ்யம் எரிந்தது. ரெய்னால்டு அவள் பார்ப்பதைப் பார்த்தான், அவன் முகம் செத்துப்போனது.

அந்த ராத்திரியைப் பற்றிக் கித்தேரி இன்றுவரை வாய் திறந்ததில்லை. விடிந்தபோது இன்னாசியின் உதடு நீலம் பாரித்திருந்தது, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தார். அவரை ரெய்னால்டு மடியில் சாய்த்துவைத்துவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று தெருவிலும் கால் வைக்க இடமில்லை, வாசலில், கூரையில், கோயில் படியில், கல்லறைத் தோட்டத்துச் சுவரில், எங்கு பார்த்தாலும் கீறி விரித்த மீன். மூன்று மாதத்துச் சோறு அது. அன்றைக்குக் காயாவிட்டால் மறுநாள் குப்பை. வானம் பாதி மூடியிருந்தது, ஒரு தெரு வெயிலில் பெட்டி கால்வாசிகூட நிரம்பாது. கடலுக்குப் போகலாம் என்றால் அது விடியற்காலையிலிருந்து மறுபடி சீறிக்கொண்டிருந்தது.

ஒரு தெரு வெயிலைக் கேட்கவே கூசினவள், மூன்று தெரு வெயிலையும் எந்த வாயால் கேட்பாள்? பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மரம்போல் நின்றாள். உள்ளேயிருந்து இன்னாசி இழுக்கிற சத்தம் வந்தது. தெருவில் மீன் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நிமிர்ந்தார்கள்.

"என்னட்டி நிக்க?" என்று கத்தினாள் அமலோற்பவம். "வாயில என்ன கொழுக்கட்டையா? மூச்சு இழுக்கது எங்களுக்குக் கேக்கலன்னு நெனச்சியா?"

"யக்கா, மீனு…"

"மீனு! பெரிய மீனக் கண்டுட்டா! எவன் வெயில வித்துப் புடிச்ச மீனுட்டி அது? நேத்து ஆடினேன் பாரு, என் காலச் செருப்பால அடிக்கணும்." அவள் அழுதுகொண்டே வந்தாள், வந்து பலகையைக் கித்தேரி கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள், மூன்று தெருவும் சேருகிற கோயில் முக்கில் தன் சொந்தக் கணவாய் காய்ந்துகொண்டிருந்த பாயின் மேலேயே அதை நாலு மடிப்பும் விரித்துப் போட்டாள். "யாருக்காவது ஏதாவது சொல்லணும்னா இப்ப எங்கிட்டச் சொல்லுங்க" என்று சுற்றிப் பார்த்தாள். நடுத் தெருக்காரி ஒருத்தி உள்ளே ஓடிப் பெட்டியை எடுத்துவந்து பலகையோடு சேர்த்தாள். கடற்கரைத் தெருவிலிருந்து ஒருத்தி பலகைக்கு மேல் நிழல் விழாதபடி தன் கொடிக்கயிற்றை அவிழ்த்து இறக்கினாள்.

காலை பத்து மணிக்கு ஒத்தப்பனைத்துறை முழுக்க இருட்டியது. மூன்று தெருவும் ஒரே இருட்டு, ஒரு கோடுகூட இல்லை. ஜனங்கள் அவரவர் மீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். பெட்டியை உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் மேலத் தெருவிலிருந்து கர்ர் என்று ஒரு சத்தம் வந்தது, கோயில் முக்கில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள், பிறகு அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

வானம் வெளுக்காததால் மறுநாளும் மூன்று தெரு வெயிலும் தேவைப்பட்டது, அதற்கு மறுநாளும். மீன் முதலில் வழுவழுத்தது, பிறகு வீங்கியது, பிறகு புழுத்தது. கூடை கூடையாகக் கடலில் கொட்டினார்கள். கொட்டியும் வாடை போகவில்லை, சுவரில் ஏறியிருந்தது, குடிக்கிற தண்ணீரில் இருந்தது, பூசையில் சாமியார் கை விரித்தபோது அந்தக் கையில்கூட இருந்தது.  கித்தேரி வாசலைக் கடக்கிறவர்கள் மூக்கைப் பொத்துவதாக இருந்தால் நாலு வீடு தள்ளிப் போய்ப் பொத்தினார்கள்.

நாலாம் நாள் புதுக் கம்பங்கள் நட்டுக்கொண்டே வந்த ஆட்கள் ஊருக்குள் வந்து சேர்ந்தார்கள். முன்னால் வந்த லைன்மேன் தெருமுனையிலேயே குமட்டிக்கொண்டு நின்றார். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினார், மேலத் தெருவில் கித்தேரி வீட்டுக் கம்பத்தடிக்கு வந்து ஏணியைச் சாத்தினார்.

"என்னம்மா ஊரு இது? செத்தது எதுவும் இங்க கெடக்கா? மனுசன் நிக்க முடியுதா இந்த நாத்தத்துல?"

கித்தேரி தலையைக் குனிந்துகொண்டாள். எதிர் வீட்டுப் படியில் வெறும் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அமலோற்பவம் எழுந்து வந்தாள்.

"சாவல வே" என்றாள். "எங்க ஆளு ஒருத்தன் மூணு நாளா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கான். அந்த வாடைதான்."

லைன்மேன் அவளைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே கட்டிலில் சாய்ந்து கிடந்த இன்னாசியைப் பார்த்தார், மூக்குக் குழாயைப் பார்த்தார், தரையில் இருந்த பெட்டியின் முகப்பில் எரிந்த எண்ணைப் பார்த்தார்.  மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கம்பத்தில் ஏறினார்.